ஊமத்தம்பூவும் ஆணியும்

வால்வைக் கையில் வாங்குகிறவர்கள் முதலில் அதன் தட்டையான முகத்தைத்தான் பார்ப்பார்கள். எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்பார்கள். பெரியதாக இருந்தால் சந்தோஷம். ஆனால் உள்ளே வருகிற காற்றுக்கு அந்த முகம் கடைசிவரை தெரியாது. காற்று வால்வின் முதுகு வழியாக வந்து, விளிம்பைச் சுற்றி, சிலிண்டருக்குள் விழுகிறது. முகம் பாட்டுக்குப் பிஸ்டனைப் பார்த்தபடி கிடக்கிறது.

கோவையில் கணபதிப் பக்கம் ஒரு ஹெட் பட்டறையில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். டிப்ளமோ முடித்துவிட்டு வேறு வேலை கிடைக்கும்வரை என்று போனது. லாரி ஹெட் வரும், கார் ஹெட் வரும், கிணற்று டீசல் என்ஜினின் ஹெட்டை மஞ்சப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு விவசாயிகள் வருவார்கள். ரேஸ் பைக் ஹெட் வந்துவிட்டால் மட்டும் முதலாளி அண்ணன் மற்றதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். அதில் காசு குறைவு. ஆனால் இந்த ஊருக்கு அந்தக் கிறுக்கு உண்டு. மில் குடும்பத்தில் பிறந்த கரிவரதன் மாருதி 800 என்ஜினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் செய்த ஊர் இது. செட்டிப்பாளையம் டிராக்குக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

வால்வின் முதுகுக்கு இரண்டு ஜாடை உண்டு. ஒன்றில், தண்டு இறங்கி வரும்போதே மெல்ல மெல்ல விரிந்து விளிம்பில் போய் முடியும். புத்தகங்களில் இதற்கு டியூலிப் என்று பேர். எங்கள் பட்டறையில் டியூலிப் பூவை யாரும் பார்த்ததில்லை. அண்ணன் அதை ஊமத்தம்பூ என்பார். ஒரு ஊமத்தம்பூவைப் பறித்துக் கவிழ்த்துப் பிடித்தால் அப்படியேதான் இருக்கும். இன்னொன்றில் தண்டு கடைசிவரை ஒல்லியாகவே வந்து திடீரென்று ஒரு தட்டில் முட்டி நிற்கும். அது ஆணி.

இரண்டில் எது நல்லது என்று கேட்காத ரேஸ் பையன் கிடையாது. அண்ணன் பதில் சொல்ல மாட்டார். ஹெட்டைத் திருப்பி, காற்று நுழைகிற போர்ட்டின் வாயை அவர்களிடம் காட்டி, "இதுக்குள்ள விரல வுட்டுப் பாரு கண்ணு" என்பார்.

விரலை விட்டால் தெரியும். சாதாரண பைக்குகளில் கார்புரேட்டர் ஹெட்டுக்குப் பின்னால் ஏறக்குறையப் படுத்தவாக்கில் இருக்கிறது. காற்று கிடையாக வந்து, வால்வுக்குச் சற்று முன்னால் கீழ்நோக்கி மடங்கித் திரும்ப வேண்டும். கிட்டத்தட்ட ஒரு செங்கோணத் திருப்பம். அந்தத் திருப்பத்தின் உள்பக்கத்தை நாங்கள் மடக்கு என்போம். காந்திபுரத்தில் டவுன் பஸ் வேகமாகத் திரும்பும்போது நின்றுகொண்டிருப்பவர்கள் எல்லாம் ஒரு பக்கமாகப் போய்ச் சாய்வார்கள் இல்லையா, அதேதான். காற்றுக்கும் எடை உண்டு. அது மடக்கை விட்டுவிட்டு வெளிச்சுவர் ஓரமாக ஒதுங்கி, வால்வின் முதுகைக் குறுக்காகக் கடந்து, எதிர்ப்பக்க விளிம்பு வழியாகத்தான் பெரும்பகுதி உள்ளே விழுகிறது. அப்படிக் குறுக்கே போகிற காற்றுக்கு நடுவில் ஊமத்தம்பூவின் தடித்த இடுப்பு நின்றால் அது தடைதான். ஆணிக்கு இடுப்பு இல்லை. அங்கே காற்றுக்கு இடம் இருக்கிறது.

அதுவே போர்ட் செங்குத்தாக, தண்டுக்கு இணையாக மேலிருந்து இறங்கி வந்தால் கதை தலைகீழ். காற்று தண்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் சமமாக வருகிறது. வந்ததை எல்லாத் திசையிலும் விரித்து அனுப்ப வேண்டும். இங்கே ஆணி வைத்தால் காற்று போய்ச் சுவரில் மோதுகிற மாதிரி மோதும். ஊமத்தம்பூ கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விளிம்பில் விடும். போர்ட்டைப் பார்க்காமல் வால்வின் வடிவத்தைப் பற்றிப் பேசுவது, காலைப் பார்க்காமல் செருப்பு வாங்குவது மாதிரி.

இதை உலகத்துக்கே பெரிய அளவில் காட்டிய வருடம் 1967 என்பது என் எண்ணம். அதற்கு முன் வேகமான என்ஜின் என்றால் அரைக்கோள வடிவ எரியறை, அதில் அகலமாகச் சாய்ந்த இரண்டு பெரிய வால்வுகள். 1948-ல் வந்த ஜாகுவார் எக்ஸ்கே என்ஜினில் இரண்டு வால்வுகளுக்கும் இடையே 70 டிகிரி. சாய்த்தால்தான் பெரிய வால்வு வைக்க இடம் கிடைக்கும். ஆனால் அறை குழிவாகிவிடுவதால் அழுத்தம் வராது. அழுத்தத்துக்காகப் பிஸ்டன் தலையைப் புடைப்பாக்கினால், எரிய வேண்டிய இடம் ஆரஞ்சுத் தோல் மாதிரி மெலிந்து விரிந்துபோகும். தீ அதில் தவழ்ந்து போக வேண்டும். காஸ்வொர்த்தின் கீத் டக்வொர்த் இந்த முடிச்சை வேறு பக்கத்திலிருந்து அவிழ்த்தார். சிலிண்டருக்கு நான்கு சிறிய வால்வு, இடையே 32 டிகிரி மட்டும், தட்டையான பிஸ்டன். வால்வுகள் நிமிர்ந்ததால் போர்ட்டும் நிமிர முடிந்தது. அந்த டிஎஃப்வி என்ஜின் 1967 ஜூன் 4 அன்று நெதர்லாந்தின் ஸாண்ட்வூர்ட் டிராக்கில் முதல் ரேஸுக்கு வந்தது. லோட்டஸ் 49-ல் ஜிம் கிளார்க் அதை வைத்து ஜெயித்தார். சரியாக இரண்டு வாரம் கழித்து, ஜூன் 18, பெல்ஜியத்தின் ஸ்பாவில் டான் கர்னி தன்னுடைய ஈகிள் காரில் ஜெயித்தார். அதன் வெஸ்லேக் வி12 என்ஜினிலும் சிலிண்டருக்கு நான்கு வால்வு, குறுகிய கோணம். அந்த வெஸ்லேக் நிறுவனத்தின் ஹாரி வெஸ்லேக்தான் முன்பு ஜாகுவார் எக்ஸ்கே ஹெட்டின் காற்றோட்டத்துக்கும் வேலை செய்தவர். 70 டிகிரிக்கு உழைத்த மனிதர் இருபது வருடத்துக்குள் மறுபக்கம் வந்து நிற்கிறார். எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும்.

நான்கு வால்வில் என்ன லாபம் என்பதை ஒரு டீ குடிப்பதற்குள் கணக்குப் போட்டுவிடலாம். 30 மில்லிமீட்டர் வால்வு ஒன்றின் சுற்றளவு 94 மில்லிமீட்டர். அதற்குப் பதில் 22 மில்லிமீட்டரில் இரண்டு வைத்தால் மொத்தச் சுற்றளவு 138. ஒரே உயரத்துக்குத் திறந்தால் காற்றுக்குக் கிடைக்கும் வாசல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. நம் ஊர் உதாரணம் வேண்டுமென்றால் அதே மாருதி 800. 796 சிசி மூன்று சிலிண்டரில் ஆறு வால்வு இருந்தபோது 37 குதிரைத்திறன். பன்னிரண்டு வால்வு ஹெட் வந்தபோது 45. வால்வு மட்டுமே கொடுத்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் கொடுத்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

இப்போது அந்த வாசலைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். பெரும்பாலானவர்கள் தவறவிடுவது இங்கேதான்.

வால்வு எவ்வளவு உயர்ந்தால் போதும்? விட்டத்தில் கால்பங்கு உயர்ந்தால் சுற்றித் திறக்கிற வளைய இடைவெளியின் பரப்பும் வால்வின் வட்டப் பரப்பும் சமமாகிவிடும். 30 மில்லிமீட்டருக்கு ஏழரை. அதற்கு மேல் தூக்கினால் போர்ட்தான் கழுத்தைப் பிடிக்கும், வால்வு அல்ல. ஆகவே ஏழரையில் எவ்வளவு காற்று போகிறது, எட்டில் எவ்வளவு போகிறது என்று அளந்து, அந்த எண்ணைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிவார்கள். ஆனால் வால்வு அந்த உச்சியில் எவ்வளவு நேரம் நிற்கிறது? 9000 ஆர்பிஎம்மில், கேம் வால்வை 270 டிகிரிக்குத் திறந்து வைக்கிறது என்றால், மூடித் திறந்து மூடும் மொத்த நேரம் 5 மில்லி விநாடி. அதில் ஏறக்குறைய பாதி நேரம் வால்வு பாதி உயரத்துக்குக் கீழேதான் இருக்கும். உச்சியை ஒரு தடவை தொடுகிறது. ஒரு மில்லிமீட்டரையும் இரண்டு மில்லிமீட்டரையும் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை கடக்கிறது. போதாததற்குப் பிஸ்டன் மிக வேகமாகக் கீழே இறங்கி உறிஞ்சுகிற நேரத்தில் வால்வு இன்னும் உச்சிக்கு வந்தே சேர்ந்திருக்காது.

இரண்டு மில்லிமீட்டர் உயரத்தில் அந்த 30 மில்லிமீட்டர் வால்வைச் சுற்றி இருப்பது 188 சதுர மில்லிமீட்டர் வாசல். கீழே தொண்டை 26 மில்லிமீட்டர் என்றால், தண்டு அடைத்ததுபோக, 510 சதுர மில்லிமீட்டர் காத்துக்கொண்டிருக்கிறது. இந்த நிலையில் போர்ட்டின் உட்சுவர் எப்படிப் பளபளத்தால் என்ன? காற்றை ஆள்வது சீட்டுக்கு மேலும் கீழும் இருக்கிற சில மில்லிமீட்டர் இரும்புதான். சீட் 45 டிகிரியில் சாய்ந்திருப்பதால், இரண்டு மில்லிமீட்டர் தூக்கினாலும் சாய்வுக்குச் செங்குத்தாக அளந்தால் 1.4 மில்லிமீட்டர் சந்துதான் இருக்கும். 30 டிகிரி சீட் என்றால் 1.7. அப்படியானால் எல்லாவற்றையும் 30 ஆக வெட்டலாமே என்றால், 45-தான் ஆப்பு மாதிரி இறுக்கிக் கசிவில்லாமல் அடைக்கும். உயரத் தூக்கும்போது காற்றை நல்ல கோணத்தில் அனுப்புவதும் அதுதான். அதனால் ஒரு சமரசம். சீட்டின் உட்காரும் பட்டையை 45-ல் வைத்து, அதற்கு மேலே போர்ட் பக்கம் 60, கீழே எரியறைப் பக்கம் 30. வால்விலும் அந்தப் பட்டைக்கு உள்புறம், முதுகில், 30 டிகிரியில் ஒரு மெல்லிய வெட்டு. காற்று ஒரே மூலையில் திரும்பாமல் மூன்று நான்கு சின்னச் சின்னத் திருப்பங்களாகத் திரும்பிப் போகும். லேத்தில் பத்து நிமிட வேலை.

அண்ணன் இதைப் புதுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை தனி. பட்டறையில் ஒரு பித்தளைச் சொம்பு உண்டு. தண்ணீரை மெதுவாக ஊற்றுவார். தண்ணீர் கீழே விழாமல் சொம்பின் கழுத்தை ஒட்டிக்கொண்டு வெளிப்பக்கமாக வழியும். வேகமாக ஊற்றுவார். விளிம்பை விட்டுத் துள்ளி விழும். "மெதுவாப் போனா ஒட்டுது, வேகமாப் போனா வுடுது. வெளிம்பு மொழுக்குன்னு இருந்தா ஒட்டுது, கூரா இருந்தா வுடுது. அவ்ளோதாங் கண்ணு சயின்சு." போர்ட்டின் மடக்கில் காற்று ஒட்ட வேண்டும், ஆகவே அதை மொழுக்கென்று உருட்ட வேண்டும். இன்டேக் வால்வின் கீழ்விளிம்பில், முகத்தை ஒட்டிய இடத்தில், காற்று திரும்பிப் போர்ட்டுக்குள் ஓடக் கூடாது, ஆகவே அங்கே கூர்மையாக விட வேண்டும். எக்ஸாஸ்ட் வால்வில் காற்று எதிர்த்திசையில் போகிறது. அங்கே அதே விளிம்பை உருட்டினால் உதவி. எக்ஸாஸ்ட் வால்வுக்கு வேறு கவலைகளும் உண்டு, அது எரிந்த வாயுவில் குளிக்கிற ஜென்மம். 1920-களில் சாம் ஹெரான் அதன் தண்டைக் குடைந்து உள்ளே சோடியம் வைத்தார். 98 டிகிரியில் உருகுகிற சோடியம், வால்வு ஆடும்போது மேலும் கீழும் குலுங்கித் தலையின் சூட்டைத் தண்டுக்குக் கடத்தும். அது தனிக் கதை.

எங்களிடம் ஒரு ஃப்ளோ பெஞ்ச் இருந்தது. வாங்கியதல்ல. வேக்குவம் கிளீனர் மோட்டார்களை ஒரு பிளைவுட் பெட்டிக்குள் வைத்து அண்ணனே செய்தது. கண்ணாடிக் குழாயில் நீலம் கலந்த தண்ணீர். ஹெட்டை மேலே கவிழ்த்து உட்கார வைத்து, வால்வை ஒரு மில்லிமீட்டர் ஒரு மில்லிமீட்டராகத் திறந்து, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு காற்று போகிறது என்று எழுதுவோம். எழுதுவது என் வேலை. அண்ணன் எழுத மாட்டார், கேட்பார். மடக்கில் காற்று ஒட்டிப் போகும்போது பெஞ்ச் சீராக இரையும். பிய்த்துக்கொண்டு போகத் தொடங்கும் உயரத்தில் ஒரு கரகரப்பு வரும், அடுப்பில் ஈர விறகு வெடிக்கிற மாதிரி. நூல் கட்டிய கம்பியை உள்ளே விட்டால் அந்த இடத்தில் நூல் பைத்தியம் பிடித்து ஆடும். அண்ணனுக்கு நூல் வேண்டாம், காதே போதும். தண்ணீர்க் குழாயில் வித்தியாசம் தெரிவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவார்.

எம்.ஐ.டி.யில் இருந்த சார்லஸ் ஃபாயெட் டெய்லரின் என்ஜின் புத்தகத்தைப் பின்னாளில் படித்தபோது எனக்கு இந்தப் பெஞ்ச்தான் நினைவுக்கு வந்தது. வால்வைக் கடக்கும் காற்றின் சராசரி வேகத்தை ஒலியின் வேகத்தால் வகுத்து ஒரு எண் எடுக்கிறார்கள். அது 0.6-ஐத் தாண்டினால் என்ஜின் மூச்சு வாங்குவது சரசரவென்று குறைகிறது. அந்தக் கணக்கில் வால்வின் திறமையாக அவர்கள் எடுப்பது உச்சியில் அளந்த எண்ணை அல்ல, எல்லா உயரத்துக்கும் சேர்த்த சராசரியை. அண்ணன் அந்தப் புத்தகத்தைப் பார்த்ததில்லை.

பல்லடம் பக்கத்துப் பையன் ஒருவன் வந்தான். அப்பாவுக்கு விசைத்தறி. 150 சிசி, இரண்டு வால்வு பைக். அவன் ஓடுகிற வகுப்பில் வால்வை மாற்ற விதி இடம் கொடுத்தது. ஒரு பெரிய பைக்கின் வால்வைக் கையோடு வாங்கி வந்திருந்தான். "இத வெச்சுருங்ணா. போர்ட்ட கண்ணாடி மாதிரி பண்ணிருங்ணா." அண்ணன் வால்வைத் திருப்பிப் பார்த்தார். ஊமத்தம்பூ. போர்ட்டோ படுத்த போர்ட்.

"இந்த வால்வே போதுஞ்சாமி. சீட்ட மூணு கோணமா வெட்டி, முதுவுல ஒரு வெட்டு வுட்டுத் தாரன். ரெண்டாயிரம் குடு."

பையனின் முகம் விழுந்துவிட்டது. தறி முதலில் இருந்து எடுத்த பணத்தோடு வந்தவனுக்கு, ரெண்டாயிரத்தில் வேலை முடிகிறது என்றால் அது வேலையாகவே தெரியவில்லை. அந்த வேகத்திலேயே வேறொரு பட்டறைக்குப் போனான். அவர்கள் அவன் கேட்டதைச் செய்துகொடுத்தார்கள். ஹெட்டின் போட்டோவை நான் பார்த்தேன். உள்ளே முகம் பார்க்கலாம். பளபளப்பில் தீங்கு ஒன்றும் பெரிதாக இல்லைதான். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் துளிகள் வழுவழுச் சுவரில் ஒட்டி வழியும், கொஞ்சம் சொரசொரப்பு இருந்தால் மறுபடி காற்றோடு கலக்கும். அதனால் நாங்கள் எண்பதாம் நம்பர் தாளோடு நிறுத்திக்கொள்வோம். வாடிக்கையாளருக்கு அது பாதியில் விட்ட வேலை மாதிரி தெரியும். எங்களுக்கு வருமானம் குறைந்ததற்கு அந்த எண்பதாம் நம்பரும் ஒரு காரணம்.

செட்டிப்பாளையத்தில் அந்த பைக்கை ஓட விட்டபோது நான் போயிருந்தேன். நேர்க்கோட்டில் நல்ல சத்தம். கடைசியில் நன்றாகவே ஓடியது. திருப்பம் முடிந்து ஆக்ஸிலரேட்டரைத் திறக்கிற இடத்தில் மட்டும் ஒரு கணம் யோசித்தது. பெரிய வால்வின் ஓரம் சிலிண்டர் சுவருக்கு மிகக் கிட்டே போய்விட்டால், அந்தப் பக்க வாசல் திறந்தும் மூடியது மாதிரிதான். பெரிதாக்கிய போர்ட்டில் காற்றின் வேகம் விழுந்துவிடும். வேகம் விழுந்த காற்று, கீழ் ஆர்பிஎம்மில் சிலிண்டரை நிரப்பாது. செட்டிப்பாளையம் சின்ன டிராக், திருப்பங்கள் அதிகம். அந்த ஒரு கணத்தை ஒரு சுற்றில் எத்தனை தடவை கொடுப்பது?

மூன்று வாரம் கழித்துப் பையன் ஹெட்டோடு வந்தான். பழைய வால்வையே வைக்கச் சொன்னான். வைக்க முடியாது. சீட்டை வெட்டியது வெட்டியதுதான். புது சீட் அடிக்கலாம் என்றால் இரண்டு வால்வுக்கும் நடுவில் மிச்சமிருந்த அலுமினியம் நகக்கண் அகலத்துக்குத்தான் இருந்தது. சூட்டில் அங்கேதான் முதலில் கீறல் விடும். புது ஹெட் வாங்க அவனிடம் பணம் இல்லை. அப்பாவிடம் கேட்க முடியாது என்பதை அவன் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அண்ணன் அந்தப் பெரிய வால்வையே லேத்தில் மாட்டினார். ஊமத்தம்பூவின் இடுப்பைச் சீவிச் சீவி, தலை பலவீனமாகாத அளவுக்கு, ஆணிக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். காற்று குறுக்கே கடக்க இடம் கிடைத்தது. அடுத்தது போர்ட். குடைந்ததைத் திருப்பி ஒட்ட முடியாது, ஆனால் போர்ட்டின் தரையில் எபாக்ஸி போட்டு உயர்த்தலாம். இன்டேக் பக்கம் குளிர்ச்சி, எபாக்ஸி தாங்கும். எங்கே எவ்வளவு என்று தெரிந்துகொள்ள முதலில் களிமண். ஹெட்டைப் பெஞ்சில் ஏற்றி, மோட்டாரைப் போட்டு, மடக்கில் ஒரு சுண்டைக்காய் அளவு களிமண் வைத்துக் கட்டைவிரலால் வழித்தார். நான் வால்வை ஒவ்வொரு மில்லிமீட்டராகத் திறந்தேன்.

ஐந்தில் கரகரப்பு கேட்டது. நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் கண்ணாடிக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் காதுக்குப் பஞ்சு இல்லாமல் கிரைண்டர் பிடித்த மனிதர். சில மாதங்களாகவே போன் அடித்தால் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"அஞ்சுலங்ணா" என்றேன்.

"மடக்குலயா, சுவத்துலயா?"

"மடக்குல. இக்கட்ட ஓரம்."

தலையை ஆட்டினார். எந்த ஓரம் என்று நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் இன்னும் கொஞ்சம் களிமண் வைத்து வழித்தார். "இப்போ?"

"ஆறுல வருதுங்ணா."

பையன் ஸ்டூலில் உட்கார்ந்து எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணன் களிமண் உருண்டையை எடுத்து இன்னொரு துணுக்குக் கிள்ளினார். நான் வால்வை மூடி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன்.